குப்புறப் படுத்த கோட்டைக்காரன்

என் கணவர் பஸ் ஓட்டியவர். ஆறடி உயரம், தடித்த மீசை, ஹாரனே தேவையில்லை என்று சொல்லும்படியான குரல். இப்பேர்ப்பட்ட மனிதர் கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டியதும் சீட்டுக்கு அடியிலிருந்து எடுப்பது காதல் நாவல். அதிலும் சாதாரணக் காதல் அவருக்குப் போதாது. காலம் தாண்டிப் போகிற காதல் வேண்டும். கதாநாயகி இந்தக் காலத்தில் பிறந்திருக்க வேண்டும், கதாநாயகன் எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்து மலைகளில் வாள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு பேரும் எப்படியோ முட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் துணி அலமாரியின் மேல்தட்டு முழுக்க இந்தக் குப்பைதான். நாற்பத்தியொரு புத்தகம், நாற்பத்தியொரு அட்டையிலும் சட்டையில்லாத ஒருவன் மலையைப் பார்த்தபடி நிற்கிறான். குளிராதா என்று ஒருத்தியாவது அவனைக் கேட்டதில்லை.

ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரிதான். ஒருத்தி பாழுங்கிணற்றை எட்டிப் பார்ப்பாள், இன்னொருத்தி பழைய மோதிரத்தைப் போட்டுப் பார்ப்பாள், மூன்றாமவள் இடிந்த கோட்டை வாசலைத் தாண்டுவாள். தாண்டினதும் எழுநூறு வருடம் பின்னால் போய் விழுவாள். விழுந்த இடத்தில் அடிபடாது. இரண்டே பக்கத்தில் அந்த ஊர்ப் பாஷை புரிந்துவிடும். தண்ணீர் குடித்தால் வயிறு கெடாது. பல் துலக்காத கூட்டத்தில் இவள் ஆளுக்கு மட்டும் பல் முத்து முத்தாக இருக்கும். இங்கே அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனாளா, வேலை செய்த இடத்தில் லீவு சொன்னாளா, பெற்றவள் எங்கே என்று தேடினாளா, ஒரு மூச்சு கிடையாது.

நான் ஆயத்த ஆடை ஆலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பதினாறு வருடம். தைத்து வருகிற சட்டையை மேசையில் விரித்து, தையல் விட்டிருந்தாலோ காலர் கோணியிருந்தாலோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. ஆலையில் என் பட்டப்பெயரே அம்புக்குறிதான். என் பார்வையில் இந்த நாவல்கள் மொத்தமும் ரிஜெக்ட் பெட்டிக்குப் போக வேண்டியவை. இதை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தைத் திருப்புவார், இல்லாவிட்டால் புத்தகத்தோடு எழுந்து வெளியே போய்விடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இடது கண்ணில் விழித்திரை கிழிந்தது. ஆபரேஷன் செய்தும் ஒட்டவில்லை. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லி டிப்போவில் வண்டி வருகிற நேரம், போகிற நேரம் எழுதும் மேசையில் உட்காரவைத்தார்கள். மனிதர் அதையும் பழகிக்கொண்டார். இந்த வருடம் வலது கண்ணிலும் அதே கிழிசல்.

ஆபரேஷன் முடித்த கையோடு கண் டாக்டரம்மா என்னை உட்காரவைத்து விளக்கினார். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை அடைத்திருக்கிறார்கள். குமிழி எப்போதும் மேலே மிதக்கும். கிழிந்தது கண்ணின் பின்சுவரில். ஆகவே அவர் குப்புறப் படுத்தால்தான் பின்சுவர் மேலே வரும், குமிழி போய் அதை அழுத்தும், அழுத்த அழுத்த ஒட்டும். விறைப்பாக நிற்கக் காலருக்குள் கேன்வாஸ் துணி வைத்து அயர்ன் பெட்டியால் அழுத்தி ஒட்டுகிற மாதிரி என்று எனக்குப் பட்டது.

"எட்டு நாள். மணிக்கு அம்பது நிமிஷம் குப்புற, பத்து நிமிஷம் சாப்பிட, பாத்ரூம் போக. அந்தப் பத்து நிமிஷமும் தலை குனிஞ்சேதான் இருக்கணும். மல்லாக்கப் படுக்கவே கூடாது. அவருக்கு இருக்கறது இந்த ஒரு கண்ணுதான்மா, ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

ஆலையில் லீவு போட்டேன். கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டினாற்போல், நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையைப் போட்டு, அதில் அவர் முகத்தை இறக்கினோம். கண்ணில் கட்டு. கீழே தரையின் நான்கு ஓடுகள், அதுவும் அவருக்குத் தெரியாது. ஆறடி ஆள் அசையாமல் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. முதல் நாள் காலை பதினோரு மணிக்குள்ளேயே கழுத்தை நான்கு தரம் தூக்கிவிட்டார்.

"ஏதாவது படிச்சுக் காட்டேன். கதை காதுல விழுந்தா கழுத்து வலி மறந்துரும்" என்றார்.

"எதைப் படிக்கறது?"

"மேல்தட்டுல இடப்பக்கம் மூணாவது. பச்சை அட்டை."

"புதுசா?"

"ம்" என்றார், தலையணைக்குள்ளிருந்து.

எனக்கு வந்து வாய்த்த விதியைப் பாருங்கள். கல்யாணமாகி இருபத்திமூன்று வருடம் கையால் தொடாத சரக்கை வாயால் படிக்க வேண்டியதாயிற்று. அட்டையில் வழக்கம்போல் ஒரு திறந்த மார்பு, பின்னால் மழைமேகம். கதாநாயகி ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறவள். விடுமுறைக்குப் போன இடத்தில் பனிமூட்டத்தில் இடிந்த கோட்டை வாசலைத் தாண்டுகிறாள். அந்தப் பக்கம் கோட்டை இடியாமல் நிற்கிறது, வாசலில் நம்முடைய திறந்த மார்பு குதிரையில் வருகிறது.

நான் வாங்குகிற சம்பளத்துக்குப் பழகிய கண் எனக்கு, சும்மா இருக்குமா? கைப்பையில் அம்புக்குறி ஸ்டிக்கர் தாள் ஒன்று கிடந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பத்தொன்பதாம் பக்கத்தில் கறுப்பாக இருந்த குதிரை அறுபத்தாறில் பழுப்பு. ஒட்டினேன் ஓர் அம்பு. அவன் கன்னத்துத் தழும்பு இடதிலிருந்து வலதுக்கு நடந்துபோயிருந்தது. ஓர் அம்பு. முப்பதாம் பக்கத்திலேயே அவள் அந்தக் காலத்து உடைக்கு மாறிவிட்டாள், ஐம்பத்தெட்டில் அவன் அவள் முதுகு ஜிப்பைப் பிடித்து இழுக்கிறான். இதற்கு இரண்டு அம்பு.

"ஜிப்பை அவன் எங்க பார்த்தான்? பாவாடை கட்டிக்கிட்டுத் திரியறவன்" என்றேன்.

"அது பாவாடை இல்ல, கில்ட்."

"பேரை மாத்தினா பாவாடை வேட்டியாயிருமா?"

முதல் நாள் அவரும் கொஞ்சம் சிரித்தார். தோள் குலுங்கியது, நான்தான் அசையாதீர்கள் என்று அதட்டினேன். இரண்டாம் நாள் எனக்குச் சூடு பிடித்துவிட்டது. காதல் வசனம் வரும்போதெல்லாம் கதாநாயகனுக்கு ஜலதோஷம் பிடித்த குரல் கொடுத்தேன், அவளுக்குப் பூனைக்குரல். "என் உயிரே, உனக்காக நான் எழுநூறு குளிர்காலம் காத்திருப்பேன்" என்று மூக்கால் படித்துவிட்டு, ரேஷன் வரிசையில் ஏழு நிமிடம் நிற்கச் சொன்னால் தெரியும் என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்.

"ஒழுங்காத்தான் படியேன்" என்றார் ஒருதரம். நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த நாற்பத்தியொரு புத்தகத்தின்மேலும் எனக்கிருந்த கோபத்தை மொத்தமாகக் கொட்ட இடம் கிடைத்த குஷியில் இருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம், நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில், அவள் கோட்டை மதில்மேல் நின்று தன் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

"இந்தாங்க, கேளுங்க. போகல. அங்கயே இருந்துடறா. கல்யாணம், ரெட்டைப் புள்ளை, மலைமேல சூரிய அஸ்தமனம். நான்தான் சொன்னேனே. இதுக்கா முன்னூத்தி சொச்சம் பக்கம்?" சொல்லிவிட்டுச் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன்.

இந்தத் தரம் அவர் தோள் குலுங்கவில்லை. பிறகு, "சரி, போதும். மூடி வை" என்றார்.

கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து தீர்ந்திருந்தது. வாங்கி வரக் கீழே போனேன். மருந்துக்கடையில் கூட்டம், திரும்பி மூன்று மாடி ஏற முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தால் மனிதர் மல்லாக்கப் படுத்திருக்கிறார். கட்டுப் போட்ட கண் நேராக மின்விசிறியைப் பார்க்கிறது, இரண்டு கையும் மார்பில். வளையத் தலையணை தரையில் கிடந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி?"

"தெரியல. நீ போனதுலேருந்து."

புரட்டிப் போட்டேன். ஆறடி ஆளை எப்படிப் புரட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை டாக்டரம்மா கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"ஓரம் லேசா தூக்கியிருக்கு. இன்னும் நாலு நாள் சொன்னபடி இருந்தார்னா ஒட்டிக்கலாம். இல்லேன்னா மறுபடி உள்ள போகணும், அப்ப நான் எதுவும் உறுதி சொல்ல மாட்டேன். மல்லாக்கப் படுத்தாரா?"

படுத்தார் என்றேன். ஏன் என்று கேட்டார். கதை முடிந்துபோனதால் என்று எப்படிச் சொல்வது? வலி தாங்கவில்லை என்றேன்.

எனக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்தது, அப்படித்தான் நினைத்தேன். அந்த மனிதரைக் குப்புற வைத்திருந்தது தலையணையோ டாக்டரோ இல்லை, அடுத்து என்ன ஆகும் என்கிற ஆசை. அந்த ஆசையை நான் கடைசிப் பக்கத்தைக் காட்டிக் கொன்றுவிட்டேன். ஊசியை நான்தான் உடைத்தேன், துணியையும் நான்தான் தைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டில் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்துகொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"படுங்க" என்றேன்.

"முடியலம்மா. நாலு நாளெல்லாம் நம்மால ஆகாது."

"நேத்து நான் சொன்னது தப்புங்க. அது இந்தக் கதையோட கடைசிப் பக்கமே இல்ல. அடுத்த புத்தகத்துக்கு விளம்பரம், பின்னாடி ரெண்டு பக்கம் சேர்த்திருக்கான். இப்பத்தான் பார்த்தேன்."

"அப்படியா?" என்றார். பிறகு மெதுவாகக் குப்புறப் படுத்து முகத்தை வளையத்தில் வைத்துக்கொண்டார்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குமேல் அச்சடித்திருந்ததில் ஒரு வரி படிக்கவில்லை. படித்தால் அவள் அங்கேயே தங்கப்போவது பத்துப் பக்கத்துக்குள் தெரிந்துவிடும். நானாக ஆரம்பித்தேன். பொய் சொல்வது அவ்வளவு எளிதாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

முதல் காரியமாக அந்தக் கோட்டைக்காரனின் முதுகில் ஓர் அம்பை இறக்கினேன். பல வருடமாக யாராவது அதைச் செய்ய மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். அம்பை உருவியாயிற்று, காயம் ஆழம், ஆம்புலன்ஸ்காரி பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாள்: குப்புறத்தான் படுக்க வேண்டும், திரும்பினால் உயிர் போய்விடும். கோட்டை வாசல் மறுபடி திறக்க நான்கு நாள் இருக்கிறது. திறந்தால் அவள் தன் காலத்துக்குப் போகலாம். அதுவரை தரையில் உட்கார்ந்து இவனைப் பார்த்துக்கொள்கிறாள்.

"அவனுக்குக் கழுத்து வலிக்காதா?" என்று தலையணை கேட்டது.

"வலிக்காம? ஊரையே நடுங்க வெச்சவன், ரெண்டு மணி நேரத்துல புள்ளை மாதிரி முனக ஆரம்பிச்சுட்டான். ஆம்பளைதானே."

"அவ என்ன சொன்னா?"

"சும்மா படுன்னு சொன்னா."

நான்கு நாளும் அந்தக் கோட்டையில் நான் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரி சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீரைக் காய்ச்சவைத்தாள். கதாநாயகனின் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை என்று கண்டுபிடித்தாள். வீரர்களின் கில்ட்டை எல்லாம் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, மடிப்புத் தையல் கேவலம் என்று பாதியைத் திருப்பி அனுப்பினாள். நீ பாட்டுக்கு வந்துட்டியே, உன் ஆம்புலன்ஸில் இப்போது யார் வேலை பார்க்கிறார்கள் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். இடையிடையே அவன் திரும்பப் பார்ப்பான், அவள் முதுகில் கையை வைத்து அழுத்துவாள். அதைச் சொல்லும்போது என் கையும் இவர் முதுகில் இருந்தது. கதைக்காக வைத்த கைதான், எடுக்க மறந்துவிட்டேன்.

"அவ போயிருவாளா?" என்று தினமும் கேட்டார்.

"கடைசி நாள்தான் தெரியும்."

எனக்கே தெரியாது, அதுதான் உண்மை.

எட்டாம் நாள் காலை டாக்டரம்மா கருவியை விட்டுக் கண்ணை எடுத்து நிமிர்ந்தார். "படிஞ்சிருச்சு. நல்லா ஒட்டிக்கிச்சு. இனிமே தலை நிமிரலாம்" என்றார். இவர் எட்டு நாளுக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வெளியே வந்து, செருப்பு விடுகிற இடத்தில் நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன? திரும்பிப் போகும்போது கதையின் முடிவை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குமிழி கரைய ஆறு வாரம் ஆயிற்று. முதலில் மேல்பாதியில் மட்டும் தெரிந்தது, கீழே தண்ணீர் ஆடுகிற மாதிரி ஒரு கோடு. கோடு நாளுக்கு நாள் இறங்கியது. ஒரு விடுமுறை நாள் காலை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பச்சை அட்டைப் புத்தகத்தைக் கையில் விரித்தபடி வந்து நின்றார். ஓரமெல்லாம் என் சிவப்பு அம்புகள்.

"நூத்திப் பதினெட்டுக்கு அப்புறம் ஒரு அம்புகூட இல்லையே" என்றார்.

எழுத்துத் தெரிகிறது அவருக்கு! பக்க எண்ணே தெரிகிறது. அந்தச் சந்தோஷத்தில் மாட்டிக்கொண்டதை மறந்து, "தெரியுதா?" என்றேன்.

"தெரியுது. முதுகுல அம்பு வாங்கினவனைத்தான் காணோம்."

துணியை மடித்தபடியே ஒத்துக்கொண்டேன். "நானே கட்டிவிட்டது. முடிவைச் சொல்லித் தொலைச்சுட்டேனே. அதனாலதானே மல்லாக்கப் படுத்தீங்க. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"முடிவு எனக்குத் தெரியும். இதை நாலு தடவை படிச்சிருக்கேன்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முதுகு வெளுத்து, மூலைகள் மழுங்கி, நடுவில் டீக் கறை. பதினாறு வருடம் செக்கிங்கில் இருந்தவள், இதைப் புதுசு என்று நம்பியிருக்கிறேன்.

"அப்புறம் ஏன் திரும்பிப் படுத்தீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கோபமாகவும் இல்லை.

"நீ சிரிச்சுக்கிட்டே இருந்த. மத்த நாள்னா எந்திரிச்சு வெளிய போயிருவேன். குப்புறக் கெடக்கறவன் எங்க எந்திரிச்சுப் போறது? திரும்பித்தான் படுக்க முடியும்."

மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. இருபத்திமூன்று வருடமாக இந்த மனிதர் எத்தனை முறை எழுந்து வெளியே போயிருக்கிறார் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். புத்தகம் படிக்கத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். குதிரையின் நிறம் மாறினதைப் பிடித்த கண் என் கண்.

"தப்புதாங்க" என்றேன். அவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்ன தடவைகளை எண்ண ஒரு கை விரலே அதிகம்.

"விடு. ஜிப்பு தப்புதான், நாலு தடவை படிச்சும் நான் பார்க்கல" என்றார். பிறகு புத்தகத்தை மூடித் தள்ளி வைத்துவிட்டு, கட்டிலில் நீளமாகக் குப்புறப் படுத்தார்.

"என்னங்க பண்றீங்க? இனிமே வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே."

"தெரியும். கடைசி நாள் பாக்கி இருக்கு. வாசல் திறந்துச்சா இல்லையா?"

துணிக் குவியலைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேல்தட்டில் நாற்பது திறந்த மார்புகளும் மலையைப் பார்த்தபடி நின்றிருந்தன. அவர்களைப் பற்றிய என் அபிப்பிராயம் இம்மியும் மாறவில்லை.

"திறந்துச்சு" என்றேன்.

"போயிட்டாளா?"

"வாசல் வரைக்கும் போனா. இந்தப் பக்கம் பார்த்தா, அந்தப் பக்கம் பார்த்தா. அப்புறம் திரும்பி வந்து தரையில உட்கார்ந்துட்டா."

"அவன் மேல அவ்வளவு ஆசையா?"

"ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அவர் முதுகில் கையை வைத்தேன். "அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வரல. அதான்."